மூடாத இலை

“சுங்கை சிப்புட்டைச் சுத்தி ஏழு ரப்பர் தோட்டம் இருந்துச்சு. ஏழு தோட்டத்துலயும் சோத்தை மிச்சம் வச்சு இலையை மூடாத ஒரே வம்சம் எங்களோடதுதான்” என்று அறிவித்தார் அர்ச்சுனன். நாட்டு விடுதலையை அறிவிப்பவர்கூட இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார்.

ஈப்போவில் ஒரு வாழையிலைக் கடை, மதிய நேரம். மூன்று லாரிகளுக்கு முதலாளியான அவர், மகள் பிரமிளா கட்டிக்கொள்ள விரும்பும் யுகேந்திரனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். பார்வையில் வரவேற்பு எதுவும் இல்லை. மனைவி கலாதேவி அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லூமுட் கப்பல் பட்டறையில வெல்டர்னு பொண்ணு சொன்னா. வயித்துல ஏதோ பெல்ட்டாமே?”

“ஆமா அங்கிள். நூத்தி முப்பத்தெட்டு கிலோ இருந்தேன். கப்பல் டாங்கிக்குள்ள எறங்குற ஓட்டையில ஒரு தடவை மாட்டிக்கிட்டேன்.”

“நீதானே வெல்டரு? ஓட்டையைப் பெருசாக்க வேண்டியதுதானே?”

“அப்பா!” என்றாள் பிரமிளா. அவர் காதில் அது விழவில்லை.

யுகேந்திரன் பொறுமையாகவே விளக்கினான். “வயித்தோட மேல் பக்கம் ஒரு சிலிகான் வளையம் மாட்டியிருக்காங்க. தோலுக்கடியில சின்னதா ஒரு மூடி இருக்கும். அதுல ஊசி குத்தி உப்புத்தண்ணி ஏத்தினா வளையம் இறுகும். அப்புறம் கொஞ்சமாத்தான் சாப்பிட முடியும். எனக்கு நாலு மில்லி ஏத்தியிருக்கு.”

“அதாவது டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி!” பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி சிரித்தார் அர்ச்சுனன். “நானும்தான் ஒரு வருஷத்துல இருபத்தெட்டு கிலோ எறக்கினேன். கத்தியா வச்சேன்? டெய்லி காலையில போலோ கிரவுண்டைச் சுத்தினேன் லா! வாயைக் கட்டத் தெரியாதவன்தான் வயித்தைக் கட்டுவான்.”

ஐஸ் போட்ட ரோஸ் சிராப் நான்கு கிளாஸ் வந்தது. “சாப்பிடுறப்ப எதுவும் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்று யுகேந்திரன் தன்னுடையதை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

“ஏன், தண்ணிகூட எறங்காதா?” அர்ச்சுனன் மேசையைத் தட்டினார். “இங்க பாரு தம்பி. இலையைக் காலி பண்ணு, பொண்ணைத் தாரேன். மிச்சம் வச்சு மூடினே, அப்படியே லூமுட்டுக்குக் கெளம்பிரு.”

அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று பிரமிளா அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

“ஏங்க, முடிஞ்ச அளவுக்குச் சாப்பிடட்டுமே” என்றாள் கலாதேவி.

“நீ சும்மா இரு. இது வம்சத்து விஷயம்.”

சோறு வந்தது. “போடு, போடு! கை சுளுக்கிக்கிச்சா?” என்று பரிமாறியவரை விரட்டி மூன்று முறை சோறு வாங்கினார் அர்ச்சுனன். ஆட்டுப் பிரட்டலும் பொரித்த மீனும் அதன்மேல் ஏறின. நடுநடுவே ஏழு தோட்டங்களின் வரலாற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சிராப்பில் ஐஸ் முழுதும் கரைந்தும் கிளாஸ் விளிம்புவரை அப்படியே நிறைந்திருந்தது.

யுகேந்திரன் ஒவ்வொரு வாயையும் இருபது முறை மென்றான். ஏழாவது வாய் நெஞ்சுக்குழியில் நின்றது. எட்டாவதைப் பிரமிளாவுக்காக விழுங்கினான். கண்ணில் நீர் வந்தது. ஒன்பதாவது கையைவிட்டு மேலே ஏறவில்லை.

“முடியல அங்கிள்.” இலையை மடித்தான்.

“சோத்தை மூடுறதும் பொணத்துக்குத் துணி போர்த்துறதும் ஒண்ணு” என்றார் அர்ச்சுனன். “மிச்சத்தைத் தாப்பாவ் கட்டித் தரச் சொல்லவா? வழியில பசிக்கும் லா. பிரமிளா, நல்லாப் பாத்துக்க, இதுதான் நீ தேடின மாப்பிள்ளை.”

பிரமிளா முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்து, கைகழுவும் பக்கம் விறுவிறுவென்று போனாள். கலாதேவி பின்னாலேயே ஓடினாள்.

யுகேந்திரன் நாற்காலிக்கடியில் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது, அர்ச்சுனன் இடமும் வலமும் பார்த்தபடி தன் இலையை மடித்துக்கொண்டிருந்தார். இலை படியவில்லை. மூன்று முறை வாங்கிய சோறும் உள்ளேயே இருந்ததால் தலையணைபோல் எழும்பியது. சிராப் கிளாஸைச் சிந்தாமல் தூக்கி, அதன்மேல் பாரமாக வைத்தார்.

யுகேந்திரன் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

“மாமா” என்றான் மெதுவாக. “உங்களுக்கு எத்தனை மில்லி?”

அர்ச்சுனன் மனைவி போன திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஏழு தோட்டங்களுக்கும் கேட்ட குரல் மேசையைக்கூடத் தாண்டவில்லை.

“ஆறு. கல்யாணத்தைத் தையிலயே வச்சுக்கலாம், மாப்ள.”