இறக்கிவிட ஓர் ஆள்

கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன.

லாரிக்கும் கிடங்குக்கும் நாள் முழுக்க மூட்டையோடு நடக்கிற கால்கள். முதுகில் ஒன்றுமே இல்லாமல் மலை ஏறச் சொன்னால் அவற்றுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சேற்றில் வழுக்கி, மூட்டைக்காரன் மறுபடியும் நான்கு காலில் நின்றான்.

"நல்லா மேயுங்க," என்றாள் பின்னால் வந்த மனைவி.

குக்கர் வாங்கிய கடையில் குலுக்கல். முதல் பரிசு, தம்பதிக்கு மலைநடை. அவள் ஆசைப்பட்டது மூன்றாம் பரிசான இரும்புக் கட்டிலுக்கு. மாற்றித் தர முடியாது என்றுவிட்டார்கள். மழைக்காலத்தில்தான் இந்த மலையைச் சும்மா கொடுப்பார்கள் என்பது வந்து நனைந்த பிறகுதான் தெரிந்தது.

பஸ்ஸிலேயே பந்தயம் கட்டியாகிவிட்டது. மலை ஏறி இறங்கும்வரை யாரும் உட்காரக் கூடாது. அவன் முதலில் உட்கார்ந்தால், மச்சினனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் உட்கார்ந்தால், தம்பி பேச்சைச் சாகும்வரை வீட்டில் எடுக்கக் கூடாது.

மச்சினனின் புது ஃபிரிட்ஜை மாடிக்கு ஏற்றிய அன்று வந்த வினை. சுமந்தது இவன். பின்னால் நின்று இறக்கிவிட வேண்டியவன் மச்சினன். இறக்கும்போது விழுந்து உடைந்தது. "சோறு அள்ளத்தான் லாயக்கு உன் கை" என்று தெருவே கேட்கச் சொன்னான் இவன். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

பந்தயத்துக்கு அவன் யோசிக்காமல் தலையாட்டியதற்குக் காரணம் உண்டு. அவள் அதே கிடங்கில் சாக்கு வாய் தைக்கிறவள். வருஷம் முழுக்க உட்கார்ந்தே சம்பாதிக்கிற உடம்பு எத்தனை மேடு தாங்கும்?

தாங்கியது. அட்டை ஏறியபோதும் ஒற்றைக் காலில் நின்றபடியே பிடுங்கி எறிந்தாள். அவன் காலில் ஏறியதையும் அவளே பிடுங்கினாள்.

அவன் தோளில் தொங்கிய வெறும் பையைத் திறந்து வழியில் கிடந்த கற்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டான்.

"எதுக்குங்க?" என்றார் குடையோடு வந்த வழிகாட்டி.

"பாரம் இல்லாம கால் பதியமாட்டேங்குது."

மலைக்குக் கல் சுமந்து வந்த ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அதன் பிறகு அவன் வழுக்கவில்லை. விறுவிறுவென்று ஏறினான்.

வழுக்கியது அவள்தான். ஒரு வேரில் கால் மாட்டி, கணுக்கால் பிசகிவிட்டது.

"உட்காருங்கம்மா, பார்க்கலாம்," என்றார் வழிகாட்டி.

"மாட்டேன்."

பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

ஜெயிக்க அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம். ஒரு பீடி குடிக்கிற நேரம் சும்மா நின்றால் போதும். பற்ற வைத்தான். மழை அணைத்தது. இன்னொன்று பற்ற வைத்தான். அதையும் அணைத்தது. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பையைக் கவிழ்த்துக் கல்லைக் கொட்டினான். குனிந்து முதுகைக் காட்டினான்.

"ஏறு."

பத்தடி போவதற்குள் வழக்கு ஆரம்பித்தது.

"முதுகுல உட்கார்ந்திருக்க. நீ தோத்துட்ட."

"மூட்டை எங்கயாச்சும் உட்காருமா? மூட்டை கெடக்கும். நான் கெடக்குறேன்."

வழிகாட்டியிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் குடையை முகத்துக்கு நேராக இறக்கிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு அவன் காதருகில் சொன்னாள். "எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தாங்க."

"அப்ப நான் யாரு?"

"நீங்க சுமைகூலி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு போய்விடும் என்று அடக்கிக்கொண்டு ஏறினான். அவள் பாதி மூட்டை கனம்கூட இல்லை. இத்தனை வருஷம் கூட இருந்தும் இது அவனுக்குத் தெரியாது.

உச்சியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எல்லாப் பக்கமும் வெள்ளைப் புகை மாதிரி மேகம். முதல் பரிசு இதுதான்.

இனி இறக்க வேண்டும்.

இறக்கிவிடப் பின்னால் ஆள் இருந்தால் சுமந்தவன் நின்றபடியே கொடுத்துவிடலாம். ஆள் இல்லையென்றால் முட்டியை மடக்கி, தரையில் உட்கார்ந்துதான் இறக்க வேண்டும். நின்றபடி விட்டால் மூட்டை வெடிக்கும். இது கிடங்கில் முதல் நாள் படிக்கிற பாடம்.

வழிகாட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. குடையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"வேண்டாம். தள்ளிக்கங்க," என்றான் அவன்.

சேற்றில் மெதுவாக உட்கார்ந்தான். அவள் அவன் முதுகிலிருந்து சறுக்கித் தரைக்கு வந்தாள். பிசகிய கால் எதிலும் இடிக்கவில்லை.

ஜெயித்தவள் போனை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவன் கையில் வைத்தாள். முந்தானையும் ஈரம். போன் இன்னும் நனைந்தது.

டவர் இல்லை.

"கீழே போய் பேசிக்கலாம்," என்றான். குரலில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

அவள் கணுக்காலை நீவிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கும் அவன் பிடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க விடாம, இப்படி உட்கார்ந்து இறக்கியிருந்தா ஃபிரிட்ஜ் உடைஞ்சிருக்காது."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நான் கீழ்ப்படியிலதான நின்னேன்," என்றாள்.

இந்த நாள்வரை அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை, தம்பியிடம்கூட.

மச்சினனுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி. பெண்டாட்டிக்கு ஒன்று.