திங்கட்கிழமை வந்துவிடுவேன்

ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக அலுவலகத்தின் மெயில் சர்வர் படுத்துவிட்டது. தரவுத்தளம் சிதைந்துவிட்டதாக அதே பிழைச்செய்தி. ஹார்டு டிஸ்க், மெமரி இரண்டையும் மாற்றியும் பயனில்லை. அதைச் சரிபார்க்க வந்த பெண் மறுபடி ஓடவிட்டுப் பார்த்து, கடைசியில் மேலாளரை அழைத்தாள்.

"மெஷின் மேல தப்பில்ல சார். உங்க ஆளுங்க ரெண்டு பேர் லட்சக்கணக்குல மெயில் அனுப்பிக்கறாங்க. டிஸ்க் ரொம்பி வழியுது."

"யாரும்மா?"

"ஸ்டோர்ஸ்ல ஒருத்தர், டிசைன்ல ஒரு மேடம். ரெண்டு பேரும் லீவுல போறப்ப தானா பதில் போற மாதிரி வெச்சிட்டுப் போயிருக்காங்க. போன புதன்கிழமை அவர் 'கீழ வண்டியில காத்திருக்கேன், வா'ன்னு அனுப்பியிருக்கார். மேடம் மெயில் பெட்டியிலேர்ந்து 'ஊரில் இல்லை, திங்கட்கிழமை வந்துவிடுவேன்'னு பதில் போச்சு. அவர் பெட்டி அதுக்கு அதே பதிலைச் சொல்லுது. அதுக்கு இது, இதுக்கு அதுன்னு இன்னும் நிக்கல."

மேலாளர் குனிந்து திரையில் இருந்த இரண்டு பெயர்களையும் படித்தார்.

"இன்னிக்கு வியாழன் ஆச்சே, இன்னுமா வரல? போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க சார்."

"புருஷன் பொண்டாட்டிம்மா அவங்க. லீவு குடுத்ததே நான்தான். அந்த வண்டி ஊர் போய்ச் சேரல. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணிட்டோம்."

திரையில் இன்னொரு பதில் வந்து விழுந்தது.

"ஒருத்தரோடதை நிறுத்தினாப் போதும் சார், மத்தது தானா நின்னுடும். யாரோடதை நிறுத்தட்டும்?"

"ரெண்டையும் ஒண்ணா நிறுத்த முடியாதா?"

"சர்வரையே அணைக்கணும். ஆபீஸ் முழுக்க மெயில் நின்னுடும்."

"பரவால்லம்மா," என்றார் மேலாளர். "அணைச்சிடுங்க."