டுப்லி என்றால்

பிரமாணப் பத்திரத்தின் ஒன்பதாவது பத்தியை மாலபிகா தர் மூன்றாவது முறையாக அடித்திருந்தார். இந்தத் தடவை பேனா காகிதத்தையே கிழித்துவிட்டிருந்தது.

அலிப்பூர் நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது நான் எழுதிய பத்தி. என் சீனியர் இரண்டு முறை படித்துத் தலையாட்டிய பத்தி.

‘டுப்லி என்பது புதிதாக உண்டாக்கப்பட்ட சொல். எந்த மொழியிலும் அதற்குப் பொருள் கிடையாது. அது எந்த நபரின் பெயரும் அல்ல.’

டிரேட்மார்க் வழக்கில் இதைவிட வலுவான ஆயுதம் இல்லை. ஊரில் ஏற்கெனவே புழங்குகிற சொல்லை எனக்கே எனக்கு என்று கேட்டால் நீதிபதி ஆயிரம் கேள்வி கேட்பார். இல்லாத சொல்லை உண்டாக்கியவனிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

“மாஷிமா, ஒரே ஒரு பத்தி. உங்க வீட்டுக்காரர் அவரோடதுல கையெழுத்துப் போட்டுட்டார். நீங்களும் போட்டுட்டா முடிஞ்சுது.”

“அவர் போடுவார்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “நல்லா போடுவார்.”

இந்தம்மா கொழுந்தன் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சுகோமல் பன்னிரண்டு வயதில் தாயை இழந்தவர். அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்தவர். இன்று அதே சுகோமல், அண்ணனும் எங்கள் கட்சிக்காரருமான நிருபம் தரின் கசுந்திக் கடுகுச் சாந்துப் போத்தலைப் போலவே மஞ்சள் மூடி, மஞ்சள் லேபிள், அதே டுப்லி என்ற பெயரில் பெஹாலாவிலிருந்து கடுகு அரைத்து விற்கிறார்.

அந்தச் சொல் குளிக்கும்போது தன் தலையில் உதித்தது என்பது நிருபம் பாபுவின் வாக்குமூலம். பாபுகாட் டீக்கடையில் உட்கார்ந்து தான் கண்டுபிடித்தது என்பது சுகோமலின் வாக்குமூலம். இரண்டுமே சத்தியம் செய்து சொன்னவை.

வராந்தாவின் மறுகோடியில் அண்ணனும் தம்பியும் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள்.

“இது என்ன, உங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்று தம்பி கத்தினார்.

“என் அப்பன்தாண்டா உனக்கும் அப்பன், முட்டாள்!”

காவலர் சிரித்துவிட்டார். மாலபிகா சிரிக்கவில்லை. போய் இருவருக்கும் நடுவில் நின்று, ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் திரும்பி வந்தார்.

கடைசி அவகாசம் அன்றைக்கு. ஒன்பதாவது பத்தியை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தாக்கல் செய்தோம். முதல் லேபிளை எழுதியது மாலபிகாவின் கை. அதை அவர் சொன்னாலே பாதி வழக்கு ஜெயித்த மாதிரி என்றார் சீனியர்.

விசாரணை நாளில் மாலபிகா கூண்டில் ஏறினார். சுகோமலின் வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

“முதல் போத்தல்ல பேர் எழுதி ஒட்டினது நீங்கதானே?”

“நான்தான்.”

“யார் எழுதச் சொன்னது? உங்க கணவரா, கொழுந்தனா?”

“யாரும் சொல்லல.”

வக்கீல் நீதிபதியைப் பார்த்துக் கைகளை விரித்தார். “சரிம்மா. இந்த டுப்லிங்கிற சொல்லுக்கு அர்த்தமே கிடையாதுன்னு உங்க கணவர் சொல்றார். என் கட்சிக்காரரும் சொல்றார். வழக்குலேயே ரெண்டு பேரும் ஒத்துப்போற ஒரே விஷயம் அதுதான். நீங்களும் ஒத்துக்கிறீங்கதானே?”

“ஒத்துக்க மாட்டேன்.”

“அப்போ டுப்லின்னா என்னதான் அர்த்தம்?”

“என் பொண்ணு.”

என் சீனியர் மெதுவாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

“நாலு வயசுல மூளைக் காய்ச்சல்ல போயிட்டா. அதோ இருக்காரே, அவளோட சித்தப்பா, அவர்தான் அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு செருப்புகூட இல்லாம ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இதோ இவர்தான் அவளுக்குக் கொள்ளி வெச்சார். அவ போன மூணாம் மாசம், அந்தப் பேரை யாராவது தினம் சொல்லிக் கேக்கணும்னு நான்தான் போத்தல்ல எழுதினேன். கடையில வந்து ‘ஒரு டுப்லி குடுங்க’ம்பாங்க. உள்ளே இருந்து கேட்டுட்டே இருப்பேன்.”

குரல் உடையவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவரும் வங்காளிதான்; வீட்டுக்கு ஒரு பேர், வெளியே ஒரு பேர் என்கிற வழக்கம் தெரிந்தவர்.

“வீட்டுல கூப்பிட்ட பேரா, அம்மா?”

“ஆமா.”

“பள்ளிக்கூடப் பேர்? பதிவு பண்ணிக்கணும்.”

“பள்ளிக்கூடம் போகல. ஓயிந்த்ரிலா. ஓயிந்த்ரிலா தர்.”

தட்டச்சுக்காரர் விரல்களை நிறுத்தி நிமிர்ந்தார். ஆங்கிலத்தில் ‘ஓ’வில் ஆரம்பிக்கிறதா, ‘ஏ’யிலா என்று கேட்டார்.

“ஓ” என்றார் நிருபம் பாபு.

“ஓ” என்றார் சுகோமல், எதிர் பெஞ்சிலிருந்து, அதே நொடியில்.

மாலபிகா கூண்டின் கட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

“நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது! அப்படி ஒருத்தியே இல்லைன்னு சத்தியம் பண்ணினவங்க நீங்க!”

நீதிபதி தடுக்கவில்லை.

பிறகு மாலபிகா தட்டச்சுக்காரரிடம் ஒவ்வோர் எழுத்தாகத் தானே சொன்னார். சொல்லி முடித்ததும், அடித்ததைத் திருப்பிச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.