பாதி ஐயாவின் பரிகாரம்

“நூறு பேலா? ஐம்பது போதும். அடுத்த ஆள்!”

சிவப்பு மையில் ஒரு கோடு. அதன் மேல் ஒரு புதிய எண். பஞ்சு இறக்குமதி ஒதுக்கீட்டு அதிகாரி பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவந்தது இதைத்தான். வெளிநாட்டுப் பஞ்சு வேண்டுமென்று யார் எத்தனை பேல் கட்டுக்கு மனுப் போட்டாலும், அதைச் சரிபாதியாக வெட்டுவார். கெட்டவர் அல்லர், தம் கையிலிருந்து எதுவும் முழுதாகப் போய்விடக் கூடாது என்ற அச்சம், அவ்வளவுதான். அலுவலகத் தேநீரைக்கூடப் பாதி குடித்துவிட்டு மீதியை மூடிவைப்பார். ஊர் அவருக்கு இட்ட பெயர் ‘பாதி ஐயா’.

மேசை முன் நின்ற மெத்தைக்கடைக்காரர் நகரவில்லை.

“ஐயா, நாலு வருஷமா இதே வெட்டு. நூறு கேட்டா ஐம்பது. இந்த வருஷமாவது கொஞ்சம் மனசு வைக்கக் கூடாதா?”

“அரசாங்கம் என்ன பஞ்சு மரமா வெச்சிருக்கு, உலுக்கினா கொட்டறதுக்கு?”

“பஞ்சைக் குறைச்சுத் தைச்சா, படுக்கறவங்க முதுகு தரையைத் தொடுது ஐயா. போன வாரம் ஒருத்தர், ‘இது மெத்தையா, போர்வையா?’ன்னு கேட்டுட்டுப் போறார்.”

“கேக்கட்டும். கேக்கறதுக்குக் கோட்டா கிடையாது.”

அப்போது கடைக்காரரின் மனைவி முன்னால் வந்தார்.

“எங்க நிலைமையைக் கேளுங்க ஐயா. உட்கார்ந்து அழுதா, கண்ணைத் துடைக்கக்கூட ஒரு துளிப் பஞ்சு வீட்ல மிஞ்சலை.”

சொல்லிவிட்டு, முந்தானையில் முகம் புதைத்து அழுதார். வரிசையில் நின்றவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். அதிகாரி மனுவை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். ஆனால் பதினெட்டு ஆண்டுப் பழக்கம் கையை விடவில்லை.

“ஐம்பதுதான். அடுத்த ஆள்!”

கை வெட்டிவிட்டதே தவிர, மனம் ஆறவில்லை. மெத்தை தைக்கிறவர் வீட்டில் கண் துடைக்கப் பஞ்சு இல்லையாமே! இரண்டு நாளாக அவருக்குப் பாதிச் சோறுகூட இறங்கவில்லை. மூன்றாம் நாள், கையில் ஓர் உறையோடு அந்தக் கடைக்கே போய் நின்றார்.

பத்தடி அகலக் கடை. ஒரு தையல் இயந்திரம், பஞ்சு அடிக்கும் கழி, பரணுக்கு ஓர் ஏணி. அதிகாரியைக் கண்டதும் கணவனும் மனைவியும் பதறி எழுந்தார்கள்.

“வாங்க ஐயா, உட்காருங்க.”

“உங்க முன்னாடி உட்கார எனக்கு யோக்கியதை கிடையாது. நாலு வருஷமா உங்க வயித்துல அடிச்சிருக்கேன். என்னை மன்னிச்சிடுங்க.”

“அய்யோ, பெரிய வார்த்தை! அதெல்லாம் பழகிப்போச்சு ஐயா. இப்படியே இருக்கட்டும்.”

“பாத்தீங்களா! இந்தப் பெருந்தன்மைதான் என்னைக் கொல்லுது.” அவர் உறையைப் பிரித்தார். “இந்த வருஷம் நூறும் முழுசா உங்களுக்கு. போன நாலு வருஷமும் வெட்டின ஐம்பது ஐம்பது சேர்ந்து இருநூறு. ஆக முந்நூறு பேல்! மேலிடத்துல சண்டை போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்.”

கடைக்காரரின் முகம் வெளுத்தது. “முந்நூறா! இதுல… கொஞ்சம் குறைச்சு எடுத்துக்கலாமா ஐயா?”

“கூடவே கூடாது! மூணு மாசத்துல பணம் கட்டி அத்தனையும் இறக்கியாகணும். ஒரு பேல் குறைஞ்சாலும் உங்க உரிமம் ரத்து. அப்புறம் கடையே கிடையாது. உங்களுக்கு என்ன கவலை? பஞ்சுக்கு ஏங்கிக் கிடந்தவங்களாச்சே!”

மனைவி ஓவென்று அழுதார்.

“அழுங்கம்மா, நல்லா அழுங்க. இனிமே துடைக்கப் பஞ்சுக்குப் பஞ்சமில்லை!” என்று தாமும் கண்கலங்கிய அதிகாரி, பாரம் இறங்கியவராகத் தெருவில் இறங்கி நடந்தார்.

கடைக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு எதுக்கு அவ்வளவு நல்லா அழுது தொலைச்சே?”

“அழுகை கொஞ்சம் குறைஞ்சாலும் அவருக்குச் சந்தேகம் வந்துடும்னு சொன்னது யாரு? வருஷத்துக்கு ஐம்பதே நமக்குத் தாராளம். எப்படியும் பாதியா வெட்டுவார், நூறுன்னு எழுதுன்னு சொன்னது யாரு?”

கடைக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் பாய்ந்து ஓடினார்.

“ஐயா! நில்லுங்க ஐயா! தப்பெல்லாம் எங்க மேலதான்… உங்க பழைய தப்பை இன்னும் ஒரே ஒரு தடவை செஞ்சிடுங்க ஐயா!”