மாடியில் இருக்கிற சார்

வீட்டு விலை நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. முழங்கால் வலியால், வீடு பார்க்க வந்தவர்களை டீச்சரம்மா தனியாகவே மாடிக்கு அனுப்பினாள். இறங்கி வந்தவர்கள் எல்லாரும் முகம் சுருங்கி ஒன்றையே சொன்னார்கள்.

“மழை பெஞ்சா பின் ரூம் சுவர் ஊறுமாமே? மேல இருக்கிற சார்தான் சொன்னார்.”

மாடியில் யாரும் இல்லை. அவள் கணவர் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். பழைய நாற்காலியை விற்கும்போதுகூட, அதன் கால் ஆடும் என்று முந்திக்கொண்டு சொல்கிற மனுஷன்.

வீட்டை விற்றுவிட்டு அவள் மகளோடு போய் இருப்பதாக ஏற்பாடு. அங்கே ஹாலில் ஒற்றைக் கட்டில் போடத்தான் இடம்.

புரோக்கர் விலையை இன்னும் குறைக்கச் சொன்ன அன்று, அவள் மூச்சு வாங்க மாடி ஏறி, காலி அறையைப் பார்த்துச் சொன்னாள்: “என்னால தனியா முடியலைங்க. இந்த ஒரு தடவை சும்மா இருங்க.”

சாயங்காலம் ஒரு இளம் ஜோடி வந்தது. சிரித்த முகமாக இறங்கி வந்து, வீடு பிடித்திருக்கிறது என்றார்கள்.

“மேல சார் ஒண்ணும் சொல்லலையா?”

“குறையா ஒண்ணும் சொல்லலைம்மா,” என்றாள் அந்தப் பெண். “நீங்க எங்க குடிபோறீங்கன்னு கேட்டார். தெரியலைன்னேன். கேட்டுட்டு வந்து சொல்லச் சொன்னார்.”

டீச்சரம்மாவின் பதிலுக்காக அந்தப் பெண் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள்.