காணாமல் போன ஊதாச் சேலை

“என் ஊதாச் சேலையைப் பார்த்தியா?” என்றார் மாமியார்.

“காத்துல பறந்திருக்கும் அத்தை. என் பச்சைச் சுடிதாரையும்தான் காணோம்.”

சேலை பறக்கவில்லை என்பது மருமகளுக்குத் தெரியும். ரகசியமாகப் போகும் துணி ஓவிய வகுப்பில் அந்தச் சேலையை வெட்டி, வண்ணம் தீட்டி, மூக்குக்கண்ணாடி போட்ட ஆந்தையாக ஒட்டுத்துணிப் போர்வையில் தைத்திருந்தாள். அச்சு அசல் மாமியார். நாளை அந்த வகுப்பு நடத்தும் கண்காட்சிக்கு அம்மாவையும் கூட்டிப்போகலாம் என்கிறான், விஷயம் தெரியாத கணவன்.

ஆசிரியையிடம் ஓடினாள். “என் போர்வையை மாட்டாதீங்க. அத்தை பார்த்தா அவ்வளவுதான்.”

“இதென்ன கூத்து? காலை வகுப்பு அம்மாவும் மருமக பார்த்திடுவான்னு கெஞ்சறாங்க,” என்று இன்னொரு போர்வையை விரித்தார் ஆசிரியை.

பச்சைச் சுடிதார் துணியில் ஒரு மலைப்பாம்பு, அவளுடைய அதே மூக்குத்தியோடு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் ஆந்தையைவிட நன்றாக வந்திருக்கிறதே என்றுதான் எரிந்தது.