பால்குடி மறக்கும் நாள்

வேப்பங்கொழுந்து விழுதை அவள் இன்னும் விரலால் தொடவில்லை.

கிண்ணம் மடிக்கு அருகில் இருந்தது. அறை முழுக்க அதன் வாசம்.

"பூசிட்டியா புள்ள?"

அடுக்களையிலிருந்து செண்பகம் மதினியின் குரல். கணவனின் அக்கா. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நேற்றுதான் சாத்தூரிலிருந்து வந்திருந்தாள். மூன்று பெற்றவள். மூன்றுக்கும் வேப்பிலையால்தான் பால்குடி மறக்கடித்தாள்.

"காம்புல மட்டும் தொட்டு வைக்காத. சுத்தி நல்லா அப்பு. வாயை வச்சதும், 'ச்சீ, பூச்சி'ன்னு சொல்லு. ஒரு தடவை போதும். மகாராணி அப்புறம் அந்தத் திசைக்கே வரமாட்டா."

அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

நாளை காலை மதுரை ஆஸ்பத்திரி. மறுநாள் இடது மார்பை முழுதாக எடுத்துவிடுவார்கள். புண் ஆறியதும் மருந்து ஏற்றுவார்கள். அந்த மருந்து ஓடும் உடம்பின் பால் பிள்ளைக்கு ஆகாது.

ஆகவே இன்றைக்கே மறக்கடித்தாக வேண்டும். இல்லையென்றால் அவள் இல்லாத ராத்திரிகளில் பிள்ளை ஏங்கிப்போகும்.

ரவிக்கையைத் தளர்த்தினாள். வலது பக்கம் பூசினாள். சில்லென்று இருந்தது.

இடது பக்கத்துக்குத் தேவையில்லை.

மழை பிடித்த நாளிலிருந்தே பிள்ளை இடது பக்கம் வாய் வைப்பதில்லை. கட்டாயப்படுத்தினால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது.

"அந்தக் கடையில சரக்கு சரியில்லபோல. என் மக விவரமானவ," என்பான் கணவன்.

அவளும்தான் சிரித்தாள்.

கட்டி கைக்குத் தட்டுப்பட்டபோதும் பால் கட்டிக்கொண்டது என்றே நினைத்தாள். பிள்ளை குடிக்காவிட்டால் கட்டிக்கொள்ளத்தானே செய்யும்? மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொல்லி மதினி போனில் வைத்தியம் சொன்னாள். கட்டினாள். நாள்தோறும் பூக்காரி, "என்ன விசேஷம்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

பூ வாடியது. கட்டி அப்படியே இருந்தது.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பிள்ளை இந்தப் பக்கம் குடிக்குதா?"

"மழை ஆரம்பிச்சதிலேருந்தே இல்ல, டாக்டர்."

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பேச்சு வராத பிள்ளை. இத்தனை நாளும் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

பாயில் தட்டை உருட்டிக்கொண்டிருந்த பிள்ளை, ரவிக்கை தளர்ந்ததைப் பார்த்துவிட்டாள். தட்டை விட்டாள். தத்தித் தத்தி வந்து மடியில் ஏறினாள். உரிமையோடு சேலையை விலக்கி, வலது பக்கம் வாய் வைத்தாள்.

ஒரு நொடி.

முகம் கோணியது. உதடு பிதுங்கியது. நாக்கை வெளியே நீட்டி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

'ச்சீ, பூச்சி' என்று சொல்ல வேண்டிய இடம் அது.

அவளுக்கு வாய் வரவில்லை.

பிள்ளை வீறிட்டாள். அழுதபடியே அம்மாவின் நெஞ்சில் முகத்தைப் புரட்டினாள். புரட்டிப் புரட்டி, இடது பக்கம் போய்ச் சேர்ந்தாள்.



பால் வழியாகப் புற்று பரவாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டிருந்தாள். ஆனாலும் தடுக்கக் கை எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றது.

பிள்ளை வாய் வைத்தாள்.

குடிடி கண்ணு, என்று மனசுக்குள் கெஞ்சினாள். இந்த ஒரு தடவை. நாளன்னைக்கு இது இருக்காது.

இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

விட்டுவிட்டாள்.

அழவில்லை. முதுகை வளைக்கவில்லை. சும்மா விட்டுவிட்டு, திரும்பவும் வலது பக்கம் வந்தாள்.

கசப்புக்கே வந்தாள்.

முகம் சுளித்துக்கொண்டே குடித்தாள். விம்மினாள். விம்மலுக்கு நடுவில் விழுங்கினாள். கடைவாயில் பச்சையாக எச்சில் வழிந்தது. ஒரு கை அம்மாவின் தாலிக்கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

கதவு திறந்தது. கசந்த வாய்க்குப் போடச் சீனி டப்பாவோடு மதினி நின்றாள். சிரிக்கத் தயாராக வந்த முகம்.

பார்த்தாள்.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அவள் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பிடுங்கிவிடுவாளோ என்று கைகள் தாமாகவே பிள்ளையை இறுக்கின.

வாசல் பக்கமிருந்து கணவன் குரல் கொடுத்தான். "என்னக்கா, மறந்துட்டாளா?"

மதினி சீனி டப்பாவைக் கீழே வைத்தாள்.

"மறந்துட்டாடா. இங்க வராத. நீ பையை எடுத்து வை."

உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். மூலையிலிருந்த செம்புத் தண்ணீரில் முந்தானையை நனைத்துப் பிழிந்தாள். அவள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் வாய் விலகாதபடி, சுற்றியிருந்த விழுதை மெல்ல மெல்லத் துடைக்க ஆரம்பித்தாள்.